லாவ்ராஸின் படகில் இரண்டாவது ஆள்

கலாருவா
அயர்லாந்து, 1968 பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணன் கோல்மனுக்கு,

கடவுளும் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும். நானும் அப்பாவும் நலம். நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா ஞாயிறு பூசைக்கு மட்டும் போடுகிறார். மற்ற நாளில் போட்டால் பார்க்கிறவர்கள் அமெரிக்காக்காரன் என்று கேலி செய்வார்களாம்.

இங்கே ஒரு செய்தி. பார்ட்லி தன் மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி மான்செஸ்டருக்குக் கிளம்பிவிட்டார். நீ போன நாளிலிருந்து அப்பாவோடு துடுப்பு போட்டவர், நாளைக்குப் பார்க்கலாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார். அப்பாவும் கையைக் கொடுக்கவில்லை. நீ கவலைப்படாதே. படகுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. நல்ல ஆள்தான்.

நீ அமெரிக்காவுக்குக் கூப்பிட்டதை யோசிக்கிறேன், அண்ணா. இந்தக் குளிர்காலத்தில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து கடற்சுவர், திரும்ப அடுப்படி. தபால் ஆபீஸ் நாப்லா, "உனக்குக் கால்ல சக்கரமா புள்ள?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் தொப்பி இல்லாமல் திரியாதே.

உன் தங்கை,
பாரிப்ரா


டார்செஸ்டர், பாஸ்டன்
மார்ச் 3

அன்புத் தங்கை பாரிப்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், வேலையும் நல்லபடியாகப் போகிறது. அப்பாவின் இடுப்பு வலி இப்போது எப்படி?

ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதினாய், யார் என்று எழுதவில்லையே? மேட்டுத்தெருவிலிருந்து யாராவது என்றால் வேண்டாம் என்று சொல். அவர்கள் காலையிலேயே குடித்துவிட்டு வருவார்கள். வெளிப்பார்ப் பாறைகளுக்குப் பக்கத்தில் இறால் கூடு இறக்கும்போது குடிகாரன் படகில் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

உனக்காக இங்கே ஒரு வீட்டில் பேசி வைத்திருக்கிறேன். வயதான அம்மாள், மகன் டாக்டர். சமையலும் துணையும்தான் வேலை. உனக்கென்று தனி அறை தருவார்கள். விசாவுக்கு ஜாமீன் கையெழுத்தும் அவர்களே போடுகிறார்கள். இந்த ஜென்மத்தில் ஒரு தடவையாவது அந்தக் கடற்சுவரைத் தாண்டி வா.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கடற்கரைக்குப் போய் வருகிறேன். நம் கடல் மாதிரி இல்லை. சும்மா கிடக்கிறது. பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அப்பாவுக்கு என் வணக்கம்.

கோல்மன்


கலாருவா
ஏப்ரல் 15, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசி உனக்குக் கிடைக்கட்டும். நாங்கள் நலம்.

படகு ஆளைப் பற்றிக் கேட்டிருந்தாய். குடிப்பது கிடையாது. துடுப்பு போடத் தெரியும். முதல் மாதம் தோள் வீங்கியது, இப்போது பரவாயில்லை. கூலி கேட்பதில்லை. அப்பா சொல்லைத் தட்டுவதில்லை. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

சிங்கி இறால் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. இறால் வாங்கும் பிரெஞ்சுக்காரன் லாரி இனி வாரம் தவறாமல் துறைக்கு வரும் என்கிறார்கள். அப்பா பிப்ரவரியில் கால்வே போய் வந்தார். கோட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனவர் கோட்டு இல்லாமல் வந்தார். பிடித்த நிறம் இல்லையாம்.

எனக்கு ஒரு உதவி செய். அங்கே வெடித்த கைக்குப் போடுகிற களிம்பு நல்லதாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஒரு டப்பா அனுப்பு. துணி துவைத்துத் துவைத்து உள்ளங்கை பாளம் பாளமாக இருக்கிறது.

பாஸ்போர்ட்டுக்குப் படம் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கிறேன்.

பாரிப்ரா


தென் பாஸ்டன்
மே 12

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். களிம்பு தனியாக வருகிறது. மேலே உள்ள புது முகவரியைக் குறித்துக்கொள். டார்செஸ்டர் அறையில் எலித் தொல்லை.

டப்ளினில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலிருந்து, உன்னை ஜூலையில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வரும். அதை இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள். நாப்லாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் படித்துவிடும். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போ.

மறுபடியும் கேட்கிறேன். அந்த ஆளுக்குப் பெயர் இல்லையா? அப்பாவையே கேட்டு எழுது. அல்லது அவரையே இரண்டு வரி எழுதச் சொல். முன்பெல்லாம் உன் கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். இந்த வருஷம் ஒன்றையும் காணோம்.

கோல்மன்


கலாருவா
ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். களிம்பு வந்தது, நன்றி. இது அவசரமாக எழுதும் கடிதம்.

நம் ஐரிஷ் மொழி கற்கும் கோடைக்கால வகுப்புக்கு டப்ளின் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். நம் வீட்டில் ஆறு பெண்கள் தங்குகிறார்கள். நம் மொழி தவிர வேறு பேசினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் பாதி நேரம் ஊமைகள் மாதிரி கையாட்டுகிறார்கள். ஒருத்தி அப்பா பேசுவதில் இலக்கணப் பிழை என்று சொன்னாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

அவர் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. சோம்பல்தான்.

டப்ளின் கடிதம் வந்திருக்கிறது. பார்க்கலாம்.

பாரிப்ரா


லின்
ஜூன் 30

பாரிப்ராவுக்கு,

நேற்று நடன மண்டபத்தில் ஃபெஸ்டியைப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டு ஃபெஸ்டிதான், ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. கையில் கிளாஸோடு வந்து, நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நிற்கும்போது, "என்னடா கோல்மன், ஒந் தங்கச்சி பேன்ட்டு மாட்டிக்கிட்டு அப்பனோட கடலுக்குப் போறாளாமே? நீ இங்க பாவாடை கட்டிக்கிட்டா சரியாப் போயிடும்" என்றான்.

அடித்துவிட்டேன். இரண்டு பேர் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

ஜனவரியிலிருந்து நீதான் அந்த ஆள். ஐந்து மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய். உன் செம்பட்டைத் தலை எதிரே வந்தால் அபசகுனம் என்று பாதி ஊர் கடலுக்குப் போகாமல் திரும்பிவிடும், அது உனக்குத் தெரியாதா? இறால் படகு மார்க்கஸும் அவன் தம்பிகளும் அப்படித் திரும்பிப் போனார்கள் என்று ஃபெஸ்டி சொன்னான். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து பேசினாராம். இதையெல்லாம் நான் ஒரு குடிகாரன் வாயால் கேட்க வேண்டுமா? அப்பாவுக்குப் புத்தி எங்கே போனது?

நான் அக்டோபரில் வருகிறேன். படகை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ டப்ளின் போய்க் கையெழுத்து போட்டுவிட்டு, இங்கே அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து மனுஷி மாதிரி இரு.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

கோல்மன்


கலாருவா
ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கை சரியாகிவிட்டதா? ஃபெஸ்டியின் தாடை எலும்பு கெட்டி.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பல தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். கால்வே போனது கோட்டுக்காக இல்லை, டாக்டரிடம். நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்றார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். ஊருக்குத் தெரிவது ஒரு பக்கம். உனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிது. தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றார்.

பார்ட்லி போன மறுநாள் அப்பா தனியாகத் துறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கயிற்றைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். ஒருத்தரும் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் படகில் ஏறி உட்கார்ந்தேன். "யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். துடுப்பைத் தடவி எடுத்துக் கொடுத்தார். அப்புறம், "சரி, கரையில மாதா கோயில் கோபுரமும் மில் புகைபோக்கியும் ஒண்ணா சேருதான்னு பாத்துக்கிட்டே துடுப்பு போடு, அதான் வழி" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் பார்த்தேன். அப்படித்தான் ஓடியது.

ஃபெஸ்டி சொன்னதெல்லாம் உண்மை. மார்க்கஸ் திரும்பிப் போனான். துணிமேல் தார் பூசிய நம் லேசான படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிப் போகும்போது ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. சாமியார் வந்து தேநீர் குடித்துவிட்டு, பெண்பிள்ளைக்கு வீட்டில் வேலை இல்லையா என்று கேட்டார். அப்பா, வீட்டில் இருந்தால் அவள் தரையைத் தேய்த்துவிடுவாள் சாமி, நடந்து நடந்து, என்றார்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டமானது.

ஜூலையில் லாரி வந்த ஒரு நாள். அவரவர் இறாலைப் போட்டுத் தண்ணீரில் கட்டி வைத்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்பா தன் பெட்டியைக் கைப்பிடிக் கயிற்றைத் தடவித்தான் கண்டுபிடிப்பார். மார்க்கஸ் அதே மாதிரிக் கயிற்றைப் புதிதாகப் போட்டிருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. நான் தராசுக்குப் பக்கத்தில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா மார்க்கஸின் பெட்டியை லாரிக்குத் தூக்கிப் போகிறார்.

"அது என் பெட்டி, லாவ்ராஸ்" என்றான் மார்க்கஸ்.

அப்பா தன்னுடையதுதான் என்றார்.

"மூடியில என் பேரு சிவப்புல கொட்டை கொட்டையா எழுதியிருக்கு. படிக்கலையா? இல்ல, படிச்சும் தூக்குனியா?"

துறையில் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்பா பெட்டியை இறக்கினார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "தூக்கிட்டேன். படிச்சுட்டுத்தான் தூக்குனேன்னு வச்சுக்க."

திருடன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று நின்றார், அண்ணா. அம்மா செத்த வருஷம்கூட ஒரு உருளைக்கிழங்கு கடன் கேட்காத மனிதர்.

என்னால் முடியவில்லை. "அவருக்குக் கண்ணு தெரியல, மார்க்கஸ்" என்றேன். "மூடியும் தெரியல. எதிர்ல நிக்கிற நீயும் தெரியல."

மார்க்கஸ் தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவது போல. அப்பாவுக்கு அது தெரியவில்லை என்றாலும், துறையில் விழுந்த அமைதி தெரிந்தது. நான் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டார். கடற்சுவரைத் தடவிக்கொண்டே வீடு வரை போனார்.

அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. டப்ளின் பெண்களோடு செபமாலை சொல்கிறார். நான் முழந்தாளிட்டால் நிறுத்திவிடுகிறார். கடலுக்கும் வருவதில்லை. உன் கடிதத்தைக்கூட நாப்லாவிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கேட்டிருக்கிறார்.

நான் நிறுத்தவில்லை. மறுநாள் தனியாகவே படகைக் கவிழ்த்துத் தோளில் வாங்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது மார்க்கஸின் அக்கா ஒனோரா வந்தாள். ஸ்காட்லாந்தில் மீன் ஆலையில் இருந்துவிட்டு வந்தவள், உனக்கு நினைவிருக்கும். "தள்ளு. முன்பக்கம் நான் பிடிக்கிறேன். வாழ்நாள் முழுக்க மீன் குடல்ல கை விட்டவ நான், எந்த அபசகுனம் வந்தாலும் நாத்தத்துலயே ஓடிரும்" என்றாள். துறை மேலேயிருந்து மார்க்கஸ் கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நாங்கள் இருவரும் போகிறோம்.

தூதரகத்தில் வரச் சொன்ன நாளன்று கடல் நன்றாக இருந்தது. நான் டப்ளின் போகவில்லை.

தங்கை தியாகம் செய்கிறாள் என்று நினைத்து வராதே. அப்பாவுக்காகத்தான் ஏறினேன். ஒரு மாதத்திலேயே அது மாறிவிட்டது. கரையில் என் உடம்புக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று, துடுப்பைப் பிடித்தால் கைக்கு இறங்கி வேலை செய்கிறது. அடங்குகிறது என்று சொல்ல மாட்டேன். இப்போது வெளிப்பாரையும் தாண்டிப் போக வேண்டும் போலிருக்கிறது.

இந்த வருஷத்தில் இது உன் மூன்றாவது முகவரி. எல்லா அறையிலும் எலியா?

பாரிப்ரா


லின்
செப்டம்பர் 1

பாரிப்ராவுக்கு,

அப்பாவின் கண்ணைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் ஜனவரியிலேயே வந்திருப்பேன். நீ துறையில் சொன்னது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் மார்க்கஸை அடித்திருப்பேன். அதனால் யாருக்கு என்ன பயன்.

அக்டோபரில் வருவது வருவதுதான். இரண்டு பெண்கள் குளிர்காலத்தில் அந்தக் கடலில் போவதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. படகு என் பொறுப்பு.

கோல்மன்


தபால் ஆபீஸ், கலாருவா
செப்டம்பர் 15

மகன் கோல்மனுக்கு அப்பா லாவ்ராஸ் சொல்லச் சொல்ல நாப்லா எழுதுவது. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று ஆணை; மாற்றவில்லை.

டேய், நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். கண்ணு ஒண்ணுதான் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு.

நீ எழுதுன கடுதாசி எல்லாத்தையும் நாப்லா படிச்சுட்டா. படகு என் பொறுப்புன்னு எழுதியிருக்க. அது யாரு குடுத்தது? படகு பாரிப்ராவோடது. போன ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல சாமியார் முன்னால சொல்லிட்டேன். மார்க்கஸ் பயலும் நின்னான்.

அவகூட ரெண்டு மாசம் பேசல. திருடன்னு சொன்னா ஊரு ஒரு வருசத்துல மறந்துரும். குருடன்னு சொன்னா அடுப்புப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சுரும், அப்புறம் எழுப்பாது. அதுதான் எனக்குப் பயம். ஆனா நடந்தது வேற. அந்த ரெண்டு பேரும் என்னைய உக்கார விடல. போன மாசக் கடைசியில அடிச்ச காத்துல கூடு பாதி போச்சு. ஒனோரா வந்து ஒரு கட்டுக் குச்சிய என் மடியில போட்டு, "கூடு முடையக் கண்ணு எதுக்கு, கைதானே வேணும், சனிக்கிழமைக்குள்ள வேணும்"ன்னுட்டுப் போயிட்டா. மரியாதை தெரியாதவ. முடைஞ்சேன். வாங்க வந்தவகிட்ட, உன்கிட்ட குடுக்க மாட்டேன், என் மகளக் கூப்பிடுன்னேன். அவ வந்தா. ரெண்டாவது கூட்டுல வாய் பெருசா இருக்கு, பிரிச்சுப் போடுன்னா. அப்படித்தான் பேச்சு ஆரம்பிச்சுச்சு.

(இந்த இடத்தில் உன் அப்பா மூக்கைச் சிந்தினார். இது மட்டும் நான் சேர்த்தது. நாப்லா.)

நீ வர்றதுன்னா வா. உன் வீடு. ஆனா படகுக்காக வராத, எனக்காகவும் வராத. இன்னொண்ணு. உன் முகவரி மாறிக்கிட்டே இருக்குன்னு நாப்லா சொல்றா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. உனக்கு அங்க வேலை இருக்கா இல்லையாடா? நேராச் சொல்லு. நான் உன் மூஞ்சியப் பாக்க முடியாது, அதனால வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அப்பா


லின்
செப்டம்பர் 29

அன்புத் தங்கை பாரிப்ராவுக்கு,

அப்பாவும் நீயும் பேசிக்கொள்வது தெரிந்து நிம்மதி. இருவரும் நலமாக இருங்கள். இதை அப்பாவுக்கு நீயே படித்துக் காட்டு.

வேலை இல்லை. சுரங்கப் பாதை வேலை பிப்ரவரியில் முடிந்தபோது எங்களை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் இங்கே, பத்து நாள் அங்கே. டார்செஸ்டரில் எலி இல்லை, வாடகைதான் இல்லை. தென் பாஸ்டனில் ஒரு நண்பனின் சமையலறைத் தரை. லின்னில் எடுத்த அறையும் போன மாதம் போயிற்று, இப்போது இருப்பது யாருடைய வீட்டில் தெரியுமா? ஃபெஸ்டி வீட்டில். அடித்தவனைக் கூட்டிப்போய்ச் சோறு போடுகிறான். தினமும் காலையில் அதைச் சொல்லியும் காட்டுகிறான்.

உன்னை விடுவிக்க வருகிறேன் என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் எனக்கு ஊருக்குத் திரும்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது. தோற்றுப்போய் வந்தான் என்று துறையில் சொல்லக் கூடாது. அப்பாவுக்காக, படகுக்காக வந்தான் என்று சொல்ல வேண்டும். படகு உன்னுடையது என்று அப்பா சொன்னதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தச் சும்மா கிடக்கிற கடலுக்குப் போய் இருட்டும்வரை கரையில் மேலும் கீழும் நடந்தேன். நம் வீட்டில் காலில் சக்கரம் உனக்கு மட்டும் இல்லை.

இப்போது என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. வர ஆசை மட்டும் இருக்கிறது. வரட்டுமா?

உன் அண்ணன்,
கோல்மன்


கலாருவா
அக்டோபர் 8

அன்புள்ள அண்ணன் கோல்மனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "மறுபடி படி, ஃபெஸ்டி சோறு போடுற எடத்துலேர்ந்து" என்றார். நலமாக இருக்கிறார். நானும்.

இங்கே கேட்பார்கள். எதுக்குடா வந்தே, எத்தனை நாள் இருப்பே, அங்கே சம்பாதித்ததெல்லாம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு வாரம் கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அவர்கள் செய்ததைவிட அது பெரிதில்லை. மார்க்கஸ் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்கிறான். ஆனால் படகைத் தூக்கும்போது பின்பக்கம் வந்து தோள் கொடுக்கிறான். இரண்டையும் ஒரே காலையில் செய்கிறான்.

ஒனோராவிடம் கேட்டேன். குளிர்காலத்தில் வெளிப்பாருக்கு அப்பால் போக வேண்டுமானால் இரண்டு பேர் போதாது என்றாள். நம் படகில் உட்கார மூன்று பலகை. முன்பலகையில் நான் உட்காருகிறேன், பின்பலகையில் அவள். நடுப்பலகையில் வெறும் கயிறு கிடக்கிறது. அங்கே உட்காருகிறவனுக்கு வழி பார்க்கும் வேலை இல்லை, எங்கே கூடு இறக்குவது என்று சொல்லும் வேலையும் இல்லை. இழுக்கும் வேலை மட்டும்தான். அது உனக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொண்டே வா.

களிம்பு தீர்ந்துவிட்டது. இரண்டு டப்பா கொண்டு வா, உனக்கும் வேண்டியிருக்கும்.

விடியும்போது கிளம்பிவிடுவோம். காத்திருக்க மாட்டோம்.

உன் தங்கை,
பாரிப்ரா